ஃபெஷ் மேடைக்கு மகளைத் தயார் செய்வது: பாதத்திலிருந்து உச்சிவரை

என் மகளின் முதல் ஐரிஷ் நடனப் போட்டியன்று காலையில், கை தானாகப் போய் அவள் கண்ணுக்கு மை தீட்டிவிட்டது. அப்போது அவளுக்கு ஏழு வயது. பெண் குழந்தை மேடையேறுகிறாள், கண்ணில் மை இல்லாமலா? மண்டப வாசலில் அவளுடைய டீச்சர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஈர டிஷ்யூ ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார். இந்த வயதில் மேக்கப் கூடாது, துடைத்துவிடுங்கள் என்றார். நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சிறுமி எங்களைக் கடந்து போனாள். தோள்வரை துள்ளும் சுருள்முடி விக், அதன்மேல் கல் வைத்த கிரீடம், திரும்பிய பக்கமெல்லாம் மின்னும் கவுன். மை கூடாதாம், இதெல்லாம் கூடுமாம்!

அந்தக் குழப்பம் தெளிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நடுவில் தண்டமாகப் போன பணமும் கண்ணீரும் கொஞ்சமல்ல. குழந்தையை ஐரிஷ் நடன வகுப்பில் சேர்த்துவிட்டு, ‘அடுத்த மாதம் ஃபெஷ்’ என்று வந்த மெசேஜைப் பார்த்து விழித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஃபெஷ் என்றால் ஐரிஷ் மொழியில் விழா. நடனப் போட்டிக்கும் அதுவே பெயர். ஆங்கில எழுத்தை நம்பி ‘ஃபெய்ஸ்’ என்று படித்து நான் பட்ட வெட்கம் தனிக்கதை.

மார்க் எங்கே போகிறது?

கடைக்குப் போவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நடுவர் பார்ப்பது தாளம், அடவு, பாத வேலை, உடம்பை நிறுத்தும் விதம். கால் விரல்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றனவா, முழங்கால்கள் ஒன்றையொன்று மறைத்து நிற்கின்றனவா, குதிகால் தரையைத் தொடாமல் உயர்ந்திருக்கிறதா, தோளும் கையும் அசையாமல் இருக்கின்றனவா என்பதற்குத்தான் மதிப்பெண். பெரிய போட்டிகளில் ஒவ்வொரு நடுவரும் போடும் மதிப்பெண்ணை வரிசையாக்கி, முதலிடத்துக்கு 100, இரண்டாம் இடத்துக்கு 75, மூன்றாம் இடத்துக்கு 65 என்று புள்ளியாக மாற்றுவார்கள். உடைக்கென்று அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

அப்படியானால் இவ்வளவு ஜிகினா எதற்கு? பெரும்பாலான போட்டிகளில் இரண்டு மூன்று குழந்தைகள் ஒரே நேரத்தில் ஒரே மேடையில் ஆடுவார்கள். நடுவர் மேடைக்கு எதிரில் மேசை போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து நூறாவது ரீல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கண் தன் பிள்ளை பக்கம் ஒரு நொடி முன்னால் திரும்பட்டுமே என்ற ஆசை எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. ஒரு வீட்டில் கல் வைத்தால் அடுத்த வீட்டில் இரண்டு மடங்கு கல். கல்யாண மண்டபத்து நகை மாதிரிதான்.

பரதநாட்டியம் பார்த்து வளர்ந்த நமக்கு இன்னொன்றும் இடறும். பரதத்தில் முகம் பேசுகிறது. பின்வரிசையில் இருப்பவருக்கும் புருவத்தின் அசைவு தெரிய வேண்டும், அதனால் கண்ணுக்கு அத்தனை தடிமனாக மை எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. ஐரிஷ் தனி நடனத்தில் அபிநயம் கிடையாது. கை இரண்டும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், முகம் நேரே பார்க்கும், கதை முழுவதையும் கால் சொல்லும். ஆகவே இங்கே முக அலங்காரம் கடைசி. காலிலிருந்து தொடங்கி மேலே போங்கள். பணமும் கவனமும் அதே வரிசையில் செலவாகட்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன், அதாவது கவுனை முதலில் வாங்கினேன்.

இந்தக் கோலம் எப்படி வந்தது

அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் டீச்சர் ‘பிராட்’ என்று சொல்வது எதை, ஏன் எல்லா உடையிலும் முடிச்சுக் கோலம் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தால், உடை தேர்ந்தெடுக்கும்போது கண்ணைக் கட்டி விட்டது போல இருக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராமத்து நாற்சந்திகளிலும் வீட்டு முற்றங்களிலும் ஆடியவர்களுக்குத் தனியாக நடன உடை இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் நல்ல உடைதான் நடனத்துக்கும். அன்றைக்குத் தலைமுடியைச் சுருட்டிக்கொள்வதும் வழக்கம். இன்றைய சுருள் விக்குக்கு மூலம் அதுதான் என்று சொல்வார்கள். 1893-இல் கேலிக் லீக் என்ற ஐரிஷ் மொழி இயக்கம் தொடங்கியபின், ஆங்கில ஆட்சியில் மங்கிப்போன மொழி, பாட்டு, ஆட்டம் எல்லாவற்றையும் மீட்கும் முயற்சி நடந்தது. நடன உடையும் அதில் சேர்ந்தது. பழைய அயர்லாந்தின் நீள அங்கியும் தோளில் குத்தும் பிராட் என்ற போர்வையும் திரும்பி வந்தன, ஆண் பிள்ளைகளுக்குக் கில்ட் என்ற மடிப்புப் பாவாடை வந்தது. இப்போதும் கவுனின் முதுகில் ஒரு துணி தொங்குகிறதே, அது அந்தப் போர்வையின் மிச்சம். அதைத் தோளில் பிடிக்கும் வட்ட ஊசி, தாரா புரோச் என்ற பழைய நகையின் சாயல். அந்த நகை 1850-இல் மீத் கவுண்டியின் கடற்கரையோரம் கிடைத்தது, இன்று டப்ளினில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடையில் பின்னியிருக்கும் முடிவில்லாத முடிச்சுகள் கெல்ஸ் நூல் போன்ற பழைய கையெழுத்துச் சுவடிகளின் ஓரங்களிலிருந்து எடுத்தவை. டிரினிட்டி கல்லூரியில் அந்தச் சுவடியைப் பார்த்த அன்று எனக்கு நம் வாசல் கம்பிக்கோலம்தான் நினைவுக்கு வந்தது.

1970-இல் டப்ளினில் முதல் உலகப் போட்டி நடந்தது. போட்டி பெரிதாகப் பெரிதாக உடையும் பெரிதானது. பாவாடைக்குள் அட்டை போன்ற விறைப்புத் துணி புகுந்தது, பூவேலை கூடியது, பிறகு கல் வந்தது. 1990-கள் வரை சிறுமிகள் முதல்நாள் இரவு தலை முழுக்கப் பஞ்சுச் சுருள்களை மாட்டிக்கொண்டு தூங்கினார்கள், அல்லது தூங்க முயன்றார்கள். பிறகு விக் வந்து அந்த இரவுகளை மிச்சப்படுத்தியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ரிவர்டான்ஸ் என்ற ஏழு நிமிட ஆட்டம் உலகத்தையே ஐரிஷ் நடனத்தின் பக்கம் திருப்பியது. அதில் முன்னின்று ஆடிய ஜீன் பட்லர் அணிந்திருந்தது எளிய கறுப்பு உடை, தலைமுடி சொந்த முடி. மேடைக் கலை எளிமையின் பக்கம் போக, போட்டி மேடை எதிர்ப்பக்கம் ஓடியது.

வட அயர்லாந்தில் ‘ஃபெஸ்டிவல்’ வழி என்று இன்னொரு மரபு இருக்கிறது. அங்கே விக் கிடையாது, உடையும் அடக்கமானது. எல்லா ஐரிஷ் நடனமும் இப்படித்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதல் படி: எந்த நிலை, எந்த வயதுப் பிரிவு

அயர்லாந்தில் தொடக்க நிலைக்கு புன்கிராட், அடுத்தது தூஸ்கிராட், பிறகு மான்கிராட், ஆர்ட்கிராட், அதற்கு மேல் சாம்பியன்ஷிப். அமெரிக்காவில் பிகினர், அட்வான்ஸ்டு பிகினர், நாவிஸ், பிரைஸ்வின்னர், பிறகு சாம்பியன்ஷிப் நிலைகள் என்று போகும். உங்கள் குழந்தை எதில் இருக்கிறாள் என்பதை டீச்சரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதை அணியலாம் என்பது முழுக்க அதைப் பொறுத்தது.

முதல் இரண்டு நிலைகளில் தனிக் கவுன் வாங்க வேண்டாம். வகுப்புக்கென்று ஒரு சீருடை இருக்கும், இல்லாவிட்டால் எளிய பாவாடையும் மேல்சட்டையும். தனிக் கவுன் என்பது டீச்சர் ‘இப்போது வாங்கலாம்’ என்று சொன்ன பிறகுதான். டீச்சருக்குத் தெரியாமல் வாங்குவது பெரிய மரியாதைக் குறைவு. சில பள்ளிகளில் நிறம், வடிவம் வரை அவர்கள் ஒப்புதல் வேண்டும்.

மேக்கப் விதி இன்னும் கறார். உலகப் போட்டியை நடத்தும் பழைய அமைப்பான கொமிஷூன், சுருக்கமாக சி.எல்.ஆர்.ஜி., பத்து வயதுக்குட்பட்ட பிரிவுவரை மேக்கப்பை முழுவதும் தடுத்திருக்கிறது. மேக்கப் என்றால் லிப்ஸ்டிக் மட்டுமல்ல. ஒட்டு இமை, தோலைப் பழுப்பாக்கும் டேன் பூச்சு, நிறம் கலந்த மாய்ஸ்சரைசர் எல்லாம் அதில் அடக்கம். தொடக்க நிலை இரண்டிலும் இருப்பவர்களுக்குப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிரிவுவரை தடை நீள்கிறது. வயதைக் கணக்கிடுவது ஜனவரி 1-ஆம் தேதியை வைத்து. பிப்ரவரியில் பத்து முடிந்த குழந்தை அந்த வருடம் முழுவதும் பத்துக்குட்பட்ட பிரிவில்தான் ஆடுவாள், ஆகவே தடையும் அந்த வருடம் முழுவதும். மற்ற அமைப்புகளுக்குத் தனித்தனி விதிப்புத்தகம் உண்டு, விதிகள் மாறவும் மாறும். ஒவ்வொரு சீசனிலும் டீச்சரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நம் வீட்டுக்கென்று ஒரு குறிப்பு: கண் மை, கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு, ஸ்டிக்கர் பொட்டு. இவற்றில் மை கட்டாயம் சிக்கலாகும். பொட்டைப் பற்றி டீச்சரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது, வாசலில் வைத்துப் பேச வேண்டாம். திருஷ்டிக்கு நான் இப்போது உள்ளங்காலில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன். சாக்ஸுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.

இரண்டாம் படி: ஷூவும் சாக்ஸும்

இரண்டு ஜோடி ஷூ வேண்டும். ரீல், ஸ்லிப் ஜிக், லைட் ஜிக் போன்றவற்றுக்குக் கறுப்புத் தோலில் லேஸ் குறுக்கே போகும் மெல்லிய ஷூ. கில்லி என்றும் பம்ப் என்றும் சொல்வார்கள். ட்ரெபிள் ஜிக், ஹார்ன்பைப், செட் நடனங்களுக்குக் கட்டை ஷூ. அதன் முனையிலும் குதியிலும் ஃபைபர்கிளாஸ் கட்டை இருக்கும், சலங்கைக்குப் பதில் அதுதான் தாளம் பேசும். தொடக்கத்தில் மெல்லிய ஷூ போதும். கட்டை ஷூ புதிதாக வாங்கினால் நூறு யூரோவைச் சாதாரணமாகத் தாண்டும், குழந்தையின் கால் எட்டு மாதத்தில் வளர்ந்துவிடும். வகுப்பிலேயே பெரிய பிள்ளைகளின் பழைய ஜோடி கிடைக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

மெல்லிய ஷூவை ‘வளரும் பிள்ளை’ என்று ஒரு அளவு கூட்டி வாங்காதீர்கள். ஸ்கூல் ஷூ வாங்கும் புத்தி இங்கே செல்லாது. தோல் விரியும், தளர்ந்த ஷூவில் பாதத்தின் வளைவு தெரியாது, நடுவர் பார்ப்பதோ அதைத்தான். சாக்ஸ் போட்ட காலில் கையுறை மாதிரி ஒட்ட வேண்டும். லேஸை உள்ளங்காலைச் சுற்றிக் கணுக்காலில் கட்டி, மிச்ச நுனியை உள்ளே செருகி, முடிச்சின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். மேடையில் லேஸ் அவிழ்ந்தால் காலை இடறும். கட்டை ஷூவின் வாருக்கும் இதே டேப்தான். புது ஷூவின் அடி வழுக்கும், அதனால் போட்டிக்கு முன் சில வகுப்புகளாவது அதில் ஆடித் தேய்ந்திருக்க வேண்டும்.

சாக்ஸ் என்றால் குமிழ் குமிழாகப் பின்னிய வெள்ளை ‘பூடில்’ சாக்ஸ். கெண்டைக்காலின் கீழ்ப்பாதியில் நிற்க வேண்டும். அது நழுவாமலிருக்கச் சாக்ஸ் பசை என்று உருட்டித் தடவும் ஒரு குப்பி விற்கிறது. அதை நான் முதலில் வேடிக்கை என்றே நினைத்தேன். இரண்டாவது ஃபெஷ்ஷில் ஒரு சாக்ஸ் மேலே, ஒரு சாக்ஸ் கீழே என்று அவள் ஆடி முடித்த அன்று மாலையே ஆர்டர் செய்தேன். போடும் முறை: காலில் கிரீம், எண்ணெய் இருக்கக் கூடாது. சாக்ஸை முழுக்க இழுத்துச் சரியான உயரத்தில் வைத்து, மேல் விளிம்பை மட்டும் கீழே மடித்து, தோலில் ஒரு வளையமாகப் பசை தடவி, சில நொடி விட்டு, விளிம்பை மேலே ஏற்றி அழுத்துங்கள். கழற்றும்போது வெந்நீரில் நனைத்துக் கழற்றுங்கள், பிய்த்து இழுத்தால் தோல் சிவக்கும். முதன்முறை போட்டிக்கு ஒரு வாரம் முன்பே சிறிய இடத்தில் தடவி அரிக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை சாக்ஸ் இரண்டு ஜோடி கூடுதலாக எப்போதும் பையில் இருக்கட்டும். பெரிய பெண்கள் கறுப்பு டைட்ஸுக்கு மாறிவிடுவார்கள், அப்போது இந்தத் தொல்லை தீரும்.

மூன்றாம் படி: தலை

விக் கட்டாயமா? இல்லை. சொந்த முடியைச் சுருட்டியோ, அழகாக வாரிக் கொண்டை போட்டோ ஆடலாம், மதிப்பெண் குறையாது. ஆனால் எல்லாரும் போட்டிருக்கும் இடத்தில் குழந்தை தனக்கு மட்டும் இல்லையே என்று நினைப்பாள். சுருள் ஒவ்வொரு குதிப்பிலும் மேலே எழும்பி அடங்குவதால் தாவல் இன்னும் உயரமாகத் தெரியும் என்றும் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருப்பதாக என் கண்ணுக்குப் படுகிறது.

விக்கில் முக்கியமாக இரண்டு வகை. தலையின் பின்பாதி முழுவதையும் மூடித் தோள்வரை விழும் முழு விக் ஒன்று. உச்சியில் கொண்டைமேல் உட்காரும் சிறிய ‘பன்’ விக் இன்னொன்று. இப்போது பன் விக்தான் அதிகம் கண்ணில் படுகிறது, எடையும் சூடும் குறைவு. கடையில் நேரில் நிறம் பார்க்க முடிந்தால் பாருங்கள். நான் ஆன்லைனில் ‘கறுப்பு’ என்று வாங்கியது வெயிலில் நீலமாகத் தெரிந்தது. நம் பிள்ளைகளின் முடி பெரும்பாலும் முழுக் கறுப்பு அல்ல, அடர்பழுப்பு. நுனியைக் கொஞ்சம் வெட்டியெடுத்து வைத்து ஒப்பிட்டால் தெரியும்.

இன்னொரு தமிழ்வீட்டுச் சிக்கல், முடியின் அடர்த்தி. இடுப்புவரை பின்னல் போடும் குழந்தைக்கு அதைச் சுருட்டிக் கொண்டையாக்கி அதன்மேல் பன் விக் வைத்தால் கோபுரக் கலசம் மாதிரி நிற்கும், இரண்டாவது தாவலில் சாயும். என் வழி இது:

1. முதல் நாள் தலை குளிப்பாட்டினால் போதும், அன்று காலை வேண்டாம். புதிதாக அலசிய முடியில் பின் நிற்காது. எண்ணெய் வைக்கவே கூடாது.
2. முன்முடியை வழித்து வாரி, கொஞ்சம் ஜெல் தடவி, உச்சியில் இறுக்கமான குதிரைவால் கட்டுங்கள். இறுக்கம் என்றால் புருவம் தூக்கும் இறுக்கம் அல்ல. நெற்றியோரம் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அவிழ்த்துக் கட்டுங்கள்.
3. வாலை ஒரே உருண்டையாகச் சுற்றாமல், இரண்டு மூன்று மெல்லிய பின்னலாகப் போட்டு, ஒவ்வொன்றையும் தலையோடு ஒட்டி வட்டமாகச் சுற்றிப் பின் குத்துங்கள். பரந்து தட்டையாக உட்காரும்.
4. மேலே வலை மாட்டி, விக்கின் உள்சீப்பை முன்பக்கத்தில் செருகி, சுற்றிலும் பாபி பின்களைக் குறுக்குக் குறுக்காகக் குத்துங்கள். ஒற்றைப் பின் நழுவும், பெருக்கல்குறி போல இரண்டு சேர்ந்தால் நிற்கும்.
5. கிரீடமோ பட்டையோ சேரும் கோட்டை மறைக்கும்படி வையுங்கள்.
6. ‘இல்லை’ என்று வேகமாகத் தலையாட்டச் சொல்லுங்கள். பிறகு பத்துக் குதி. விக் அசைந்தால் மறுபடி.

எத்தனை பின் குத்தினீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

நான்காம் படி: கவுன்

பணம் கரையும் இடம் இதுதான். அளவெடுத்துத் தைக்கும் புதுக் கவுன் ஆயிரம் யூரோவுக்கு மேல் போகும், இரண்டாயிரத்தைத் தொடுவதும் அரிதல்ல. கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். முதல் கவுனைப் பழையதாக வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. பழைய உடைச் சந்தை பெரிது, குழந்தைகள் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஒன்றிரண்டு சீசன் மட்டும் போட்ட உடைகள் வந்தபடி இருக்கும். நீங்களும் நாளைக்கு விற்கலாம்.

பழையது பார்க்கும்போது அக்குளை முதலில் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். இந்த உடைகளைப் பெரும்பாலும் துவைக்க முடியாது, விறைப்புத் துணியும் பூவேலையும் தாங்காது. வியர்வைக் கறை படிந்துவிட்டால் போகாது. அடுத்து ஜிப். அடுத்து பாவாடையின் விறைத்த பலகைகளில் மடிப்பு விழுந்திருக்கிறதா. உதிர்ந்த கற்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதை வீட்டிலேயே சரிசெய்யலாம். உள்பக்கத் தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று திருப்பிப் பாருங்கள். நல்ல தையல்காரர் பக்கத்திலும் கையிலும் கீழ் ஓரத்திலும் பிரித்துவிட இடம் வைத்திருப்பார், அந்த உடை இரண்டு வருடம் வரும். போட்டோவை மட்டும் நம்பாமல், யாராவது அதைப் போட்டுக்கொண்டு கை தூக்கிக் குதிக்கும் வீடியோ கேளுங்கள். நான் வாங்கிய முதல் கவுன் படத்தில் தேவதை மாதிரி இருந்தது. வந்த பிறகு பார்த்தால் பாவாடை முழங்காலைத் தட்டுகிறது, அவளால் காலை உயர்த்தவே முடியவில்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. மாட்டி வைத்து அழகு பார்த்தோம்.

அளவெடுப்பதானால் மார்பு, இடுப்பு, தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து முழங்கால், முழங்கையை மடக்கிய நிலையில் கையின் நீளம். ஷூ போட்டு நேராக நிற்க வைத்து எடுங்கள். உள்ளே அதே நிறத்தில் குட்டைக் கால்சட்டை வேண்டும், தாவும்போது பாவாடை எழும்.

நிறத்தைக் குழந்தை தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் மேடையின் பின்திரை பெரும்பாலும் கறுப்பு அல்லது கருநீலம் என்பதைச் சொல்லிவிடுங்கள். மாநிறத்துக்கு மயில்பச்சை, மஞ்சள், ராணி ரோஸ் எல்லாம் அள்ளும். பட்டுப்புடவைக் கடைக்காரரின் கண் இங்கே உதவும்.

கற்களைப் பற்றி. ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் உதிரிக் கற்களைக் கைவினைச் சந்தைக்கு விற்பதை 2021-இல் நிறுத்திக்கொண்டது. இப்போது பலரும் செக் நாட்டு பிரேசியோஸா கற்களையோ விலை குறைந்த கண்ணாடிக் கற்களையோ ஒட்டுகிறார்கள். மேடைத் தூரத்திலிருந்து வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை. அளவு எஸ்.எஸ். 16, எஸ்.எஸ். 20 என்று வரும், முதலாவது கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர், இரண்டாவது 4.7. ஒட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் பசையின் நெடி தலைவலி தரும். குழந்தையைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். ஒட்டியபின் முழுதாக ஒரு நாள் தொடாமல் காய விடுங்கள். இடுப்புக்கு மேலேயே கற்களை அதிகம் வையுங்கள். பாவாடையில் அடர்த்தியாக வைத்தால் எடை கூடி, கால் தூக்கும்போது பின்னால் இழுக்கும்.

ஆண் பிள்ளைகளின் பெற்றோருக்கு வேலை குறைவு. கில்ட் இப்போது அரிதாகிவிட்டது. கறுப்புப் பேன்ட், சட்டை, வெய்ஸ்ட்கோட் போதும். அவர்களின் மெல்லிய ஷூவுக்கும் குதி உண்டு. பேன்ட்டின் நீளம் ஷூவை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: முகமும் டேனும்

பத்துக்குட்பட்டவர்களுக்கு முகம் கழுவி, நிறமில்லாத லிப் பாம் தடவினால் முடிந்தது. இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது பிறகுதான் புரியும்.

தடை நீங்கிய வயதில் என்ன செய்வது? தடை நீங்கியது என்பதற்காகப் போட்டே ஆக வேண்டியதில்லை. பதினொரு வயதுக் குழந்தைக்குக் கட்டியாக ஃபவுண்டேஷன் பூசி, கன்னத்தில் பள்ளம் வரைந்து, ஒட்டு இமை வைத்து உட்கார வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு ஒப்பவில்லை. முகத்துக்கு வேலையே இல்லாத ஆட்டம் இது. இருந்தாலும் மேடை விளக்கு முகத்தைத் தட்டையாக்கும் என்பது உண்மை. நான் போடுவது இவ்வளவே: கழுத்து நிறத்தோடு பொருந்தும் மெல்லிய பூச்சு, கன்னத்தில் லேசான ரூஜ், புருவத்தைச் சீவிவிட்டு, மேல் இமையில் மெல்லிய கோடு, உதட்டில் இயல்பான சிவப்பு. பத்து நிமிடம். கடைகளில் நம் நிறத்துக்கு ஏற்ற ஷேடு குறைவாக இருந்தால் ஃபவுண்டேஷனையே விட்டுவிடுங்கள், வெளிறிய முகமும் கறுத்த கழுத்துமாக நிற்பதைவிட அது மேல். மஸ்காராவை மற்றக் குழந்தைகளோடு பகிர விடாதீர்கள், கண்நோய் பரவும். ஒட்டு இமை வைத்தே தீர வேண்டும் என்று அவள் அடம் பிடித்தால், பசையில் லேட்டக்ஸ் இருக்கிறதா என்று லேபிளைப் படித்து, கையில் முன்னமே தடவிப் பார்த்துவிட்டு வையுங்கள்.

டேன் பற்றிச் சொல்லாமல் முடியாது. வெள்ளைத் தோலும் வெள்ளை சாக்ஸும் மேடை விளக்கில் ஒன்றாகக் கலந்து கால் காணாமல் போய்விடுகிறது என்பதால் காலுக்குப் பழுப்புப் பூச்சுப் போடுகிறார்கள். கால் தசையும் அப்போது எடுப்பாகத் தெரிகிறதாம். ஊரில் சிவப்பழகு கிரீம் விளம்பரம் பார்த்து வளர்ந்த நான், இங்கே தாய்மார்கள் காசு கொடுத்து மாநிறம் வாங்குவதைப் பார்த்து முதல் நாள் வாயடைத்து நின்றேன். நம் பிள்ளைகளுக்கு அது பிறவிச் சொத்து, ஒரு செலவு மிச்சம். குடும்பத்தில் வெளிர்நிறக் குழந்தை இருந்து, விதியும் அனுமதித்தால்: முந்தைய நாள் காலைத் தேய்த்துக் குளிப்பாட்டி, முழங்காலிலும் கணுக்காலிலும் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவி, உறை மாட்டிய கையால் மெல்லிய அடுக்காகப் பூசி, பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்குப் பின் அலசுங்கள். பழைய படுக்கை விரிப்பு போடுங்கள். காயும் முன் கவுனை அருகில் கொண்டுவராதீர்கள்.

ஆறாம் படி: அந்த நாள்

ஒரு வாரம் முன்பே விக், கவுன், ஷூ எல்லாம் போட்டு வீட்டில் ஒருமுறை முழுதாக ஆட வையுங்கள். என்ன குத்துகிறது, என்ன நழுவுகிறது என்பதெல்லாம் அன்றைக்கே வெளியே வரும்.

காலையில் சாப்பாடு முதலில். பிறகு தலை. அதன்பின் முன்பக்கம் ஜிப் வைத்த மேல்சட்டை. தலை வழியாக மாட்டும் டி-ஷர்ட் போட்டால் மண்டபத்தில் அதைக் கழற்ற விக்கைப் பலிகொடுக்க வேண்டும், இதை நான் செய்து பார்த்தாகிவிட்டது. கவுனைப் பையிலேயே கொண்டு போங்கள். நேரத்தாளை அப்படியே நம்ப வேண்டாம், பத்து மணி என்றால் பன்னிரண்டாகலாம், சில சமயம் ஒன்பதே முக்காலுக்கே கூப்பிடுவார்கள். அவள் முறைக்கு முன்னால் இன்னும் நான்கைந்து பேர் இருக்கும்போது கவுன் மாட்டினால் போதும். அதைப் போட்டபின் தண்ணீர் மட்டும், அதுவும் ஸ்ட்ராவில். எண் அட்டையை இடுப்பில் முன்பக்கம் கட்ட மறக்காதீர்கள், நடுவருக்கு உங்கள் குழந்தை வெறும் எண்தான்.

பையில்: ஊசி நூல், சேஃப்டி பின், கூடுதல் பாபி பின், சாக்ஸ் பசை, டேப், கூடுதல் சாக்ஸ், ஹேர் ஸ்ப்ரே, பிளாஸ்டர், ஈர டிஷ்யூ. எலுமிச்சை சாதம் ஒரு டப்பாவும் வைப்பேன், ஆனால் மஞ்சள் கறை மேல்சட்டையில் படாமல் இருக்க மேலே ஒரு பழைய துப்பட்டாவைக் கட்டிவிட்டுத்தான் ஊட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஐரிஷ் தாய்மார்களுக்கு இப்போது அந்த டப்பாவைத் தெரியும்.

முடிந்ததும் கவுனை உள்வெளியாகத் திருப்பி உடனே காற்றாட மாட்டுங்கள், ஈரத்தோடு பையில் மூடக் கூடாது. மெல்லிய பனியன் உள்ளே போட்டிருந்தால் வியர்வை பெரும்பாலும் அதிலேயே நின்றிருக்கும். ஷூவில் செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். பசையை வெந்நீரில் எடுத்து, மேக்கப் இருந்தால் கிளென்சரால் துடைத்து, அதற்குமேல் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு.

கடைசியாக விக். பின்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டு எண்ணுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு 26. போன மாதம் 25 வந்தது, இருபத்தாறாவதை மறுநாள் காலை அவள் தலையணையில் கன்னத்தால் கண்டுபிடித்தாள்.